பெற்றோரை இழந்த பதின்வயதுப் பிள்ளை நம் வீட்டுக்கு வந்தால்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நாலு வருடத்துக்கு முன்னால் என் தங்கை இறந்தாள். அவள் கணவர் அதற்கு ஒன்பது வருடம் முன்பே லாரி விபத்தில் போய்விட்டார். ஒரே மகன், அப்போது 14 முடிந்து சில மாதம். கோவில்பட்டியிலிருந்து திருச்சிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தான். நான் அவனுக்குப் பெரியம்மா. அதற்கப்புறம் சொந்தத்திலோ, அலுவலகத்திலோ யார் வீட்டுக்காவது இப்படி ஒரு பிள்ளை வந்தால் "அவங்ககிட்ட கேளு" என்று என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆளும் ஊரும்தான் மாறுகின்றன, கேள்விகள் ஒன்றேதான். அதனால் எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறவள். மருத்துவரிடம் போக வேண்டிய இடம் எது என்று மட்டும் ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன்.

பையன் வந்து ரெண்டு மாசம் ஆச்சு, ஒரு சொட்டு கண்ணீர் விடல. மனசுல ஒண்ணுமே இல்லையாக்கா?

இருக்கிறது. அழக்கூடாது என்று நாம்தான் சொல்லியிருப்போம், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். என் தங்கைக்குக் கொள்ளி வைத்தவன் அவள் மகன்தான். தோளில் மண்குடத்தை வைத்துக்கொண்டு சுற்றி வந்தான், ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஓட்டை போடப் போட தண்ணீர் அவன் முதுகில் வழிந்து வேட்டி நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டதாம். அங்கே நின்ற பெரியவர் ஒருவர் அவன் தோளைப் பிடித்து, "இனிமே நீதான்டா ஆம்பள, அழக்கூடாது" என்றிருக்கிறார். இதை ஒன்றரை வருடம் கழித்து அவனே சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொன்னதைக் கேட்டு நடந்தான். நாங்கள்தான் ஏன் அழவில்லை என்று அறைக்கு வெளியே நின்று குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்று, இந்த வயதில் துக்கம் விட்டுவிட்டு வரும். பத்து நிமிடம் சுவரைப் பார்த்தபடி இருப்பான், அடுத்த நிமிடம் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பான். இதைப் பார்த்து "கல்நெஞ்சன்" என்று முடிவு கட்டாதீர்கள். துக்கம் ஊஞ்சல் மாதிரி இழப்புக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் இடையே போய்ப் போய் வருகிறது என்று ஸ்ட்ரோப், ஷூட் என்ற ஆய்வாளர்கள் 1999இல் எழுதினார்கள். பெரியவர்களுக்கும் அப்படித்தான், ஆனால் பிள்ளைகளின் ஊஞ்சல் வேகமாக ஆடும், நமக்குக் கண் பிடிக்காது. கண்ணீருக்குப் பதில் தலைவலி, வயிற்றுவலி, தூக்கமின்மை, எரிச்சல் என்று வருவதும் உண்டு.

எத்தனை மாசத்துல சரியாவான்? வருஷத் திதி முடிஞ்சா தெளிஞ்சிடுவான்னு சொல்றாங்க.

நாள் குறித்துச் சொல்ல முடியாது. பதினாறாம் நாள் காரியம், வருஷத் திதி இதெல்லாம் ஊர் கூடி நம்மைத் தாங்குவதற்காக வைத்தவை, மனசு அந்தக் காலண்டரைப் பார்த்து நடப்பதில்லை. பாஸ்டன் பகுதியில் அம்மாவையோ அப்பாவையோ இழந்த பிள்ளைகளை வொர்டன், சில்வர்மன் என்ற இருவர் இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். முதல் வருடத்தில் மற்றப் பிள்ளைகளோடு பெரிய வித்தியாசம் தெரியாத சிலருக்கு இரண்டாம் வருட முடிவில்தான் சிரமம் வெளியே தெரிந்தது. எங்கள் வீட்டிலும் அதேதான், முதல் வருடம் முடிந்ததும் "தாண்டியாச்சு" என்று மூச்சு விட்டோம், அப்புறம்தான் ஆரம்பித்தது.

மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து படி இருக்கிறதாமே என்றும் கேட்பார்கள். அது எலிசபெத் குப்ளர் ராஸ் என்ற மருத்துவர், சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி 1969இல் எழுதியது. உங்கள் வீட்டுப் பையன் எந்தப் படியில் நிற்கிறான் என்று அளக்க அது உதவாது. ஆனால் ஆறு மாதத்துக்கு மேலாகியும் ஏறக்குறைய தினமும் அதே ஏக்கத்திலேயே கிடந்து, சாப்பாடு, பள்ளி, நண்பர்கள் எல்லாமே நின்றுபோயிருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். நீடித்த துக்கம் என்று அதற்குத் தனி வகையே இருக்கிறது, வைத்தியமும் இருக்கிறது.

வந்த புதுசுல தங்கமான பையனா இருந்தான். இப்ப எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறான். என்ன ஆச்சு?

வந்த புதிதில் அவன் விருந்தாளியாக இருந்தான். எங்கள் பையன் சாப்பிட்ட தட்டை உடனே கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைப்பான். ஃபிரிட்ஜைத் திறக்க அனுமதி கேட்பான். குளிக்கப் போகும் முன் "யாராவது போகணுமா பெரியம்மா" என்பான். எவ்வளவு அடக்கம் என்று நான் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். உண்மையில் அது பயம். அப்பா போய், அம்மா போய், இந்த வீடும் போய்விட்டால் எங்கே போவது என்ற பயம்.

ஒருநாள் விருந்தினர் முன்னால், "எங்க வீட்டுப் பிள்ளை மாதிரிதான்" என்று அவனைக் காட்டிச் சொன்னேன். அன்று இரவு, "மாதிரின்னா என்ன பெரியம்மா?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. அந்த 'மாதிரி'யை அன்றோடு விட்டேன், நீங்களும் விட்டுவிடுங்கள். அடக்கம் உடைந்து கத்த ஆரம்பித்தால், இந்த வீடு தன்னைத் துரத்தாது என்று கொஞ்சம் நம்ப ஆரம்பித்திருக்கிறான் என்றும் அதற்கு அர்த்தம் இருக்கலாம். கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் நான் அதை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

எங்க வீட்ல சத்தமே வந்ததில்ல. நானும் அவரும் சண்டை போட்டதே கிடையாது. இவன் வந்துதான் எல்லாம் கலைஞ்சுது. அவனாலதானே?

இந்தக் கேள்விக்கு என் கதையைத்தான் சொல்ல முடியும், கொஞ்சம் நீளம்.

எங்கள் வீட்டைப் பார்த்து சொந்தக்காரர்கள் பெருமூச்சு விடுவார்கள். ஆறு மணிக்கு எல்லோரும் எழுந்திருப்போம், எட்டரைக்கு வீடு காலி. மகள் எப்போதும் முதல் மதிப்பெண். இவன் வந்த வாரத்திலிருந்து செவ்வாய், வியாழன், சனி விடியற்காலை 4.45க்கு ஒரு அலாரம் அலற ஆரம்பித்தது. அது என் தங்கையின் ஃபோன். அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், திருநெல்வேலிக்கு முதல் பஸ் பிடிக்க வைத்த அலாரம். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் மெஷினில் படுத்திருப்பாள், பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு இவன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பான். அம்மா போன பிறகும் அவன் அதை நிறுத்தவில்லை. மூன்றாவது வாரம் என் கணவர் பொறுக்க முடியாமல் போய் ஃபோனை அணைத்தார். அதுவரை குரலே உயர்த்தாத பையன் கதவை அறைந்த அறையில் மேல் தாழ்ப்பாள் கழன்று விழுந்தது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டில் என் நாத்தனார் குடும்பமே உட்கார்ந்திருக்கும்போது கேட்டான்: "அம்மாவுக்கும் உங்களுக்கும் ஒரே பிளட் குரூப்தானே பெரியம்மா, நீங்க ஏன் கிட்னி குடுக்கல?" உறுப்பு மாற்றுச் சட்டம் 1994இலேயே உடன்பிறந்தவர்களை நெருங்கிய உறவு என்று வைத்திருக்கிறது, நான் கொடுத்திருக்கலாம். அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் ஒரே ஒரு இரவு எடுத்தோம். "நமக்கும் ஒரு பொண்ணு இருக்கா" என்றார் கணவர். நான் சரி என்றேன். சோதனைக்குக்கூடப் போகவில்லை. மாதாமாதம் பணம் அனுப்பினேன். சண்டை வராத வீடு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான்: நாங்கள் பேசாமல் மூடி வைத்த ஒரு இரவு. அவன் வந்து எதையும் கலைக்கவில்லை, மூடியைத் திறந்தான்.

அன்று இரவு அவனிடம் உண்மையைச் சொன்னேன். "பயந்தேன்டா. டெஸ்டுக்கே போகல." எழுந்து போய்விட்டான், ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. கணவரும் நானும் இருபது வருடத்தில் முதல் தடவையாக உரக்கச் சண்டை போட்டோம். அவர் கெட்டவர் இல்லை, அவரும் பயந்தவர்தான், அதையும் அந்தச் சண்டையில்தான் தெரிந்துகொண்டேன். உங்கள் வீட்டில் என்ன மூடியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவனைக் குற்றம் சொல்லும் முன் அதைப் பாருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

அப்ப அவன் என்ன பேசினாலும், என்ன செஞ்சாலும் பொறுத்துக்கணுமா?

இல்லை. கோபப்படலாம், அடிக்கக்கூடாது, பொருளை உடைக்கக்கூடாது, ராத்திரி சொல்லாமல் வெளியே போகக்கூடாது. இதை என் மகளுக்கும் சேர்த்தே சொன்னேன், ஏனென்றால் அவனுக்கு மட்டும் தனிச் சட்டம் போட்டால் மறுபடி விருந்தாளி ஆகிவிடுவான். அந்தத் தாழ்ப்பாளை அவனையே ஸ்க்ரூ டிரைவர் எடுத்து மாட்டச் சொன்னோம், அவன் பெரியப்பா பக்கத்தில் நின்று கதவைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை அது.

ஒன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் சொல்லாதீர்கள்: "உங்க அம்மா இருந்தா இப்படிப் பண்ணுவியா?"

இறந்தவங்களைப் பத்தி அவன் முன்னாடி பேசலாமா? புண்ணைக் கிளறின மாதிரி ஆயிடாதா?

பேசலாம், பேச வேண்டும். அவன் மறந்திருந்தால்தானே நாம் ஞாபகப்படுத்துவதற்கு? நாம் பெயரையே எடுக்காவிட்டால், இந்த வீட்டில் அம்மா பேச்சுக்கு இடமில்லை என்று புரிந்துகொள்வான். இறந்தவரை விட்டு விலகினால்தான் தேறுவார்கள் என்ற பழைய எண்ணத்தை இப்போது ஆய்வாளர்களும் அப்படியே சொல்வதில்லை, அந்த உறவை வேறு வடிவத்தில் வைத்துக்கொண்டே வாழ்கிறவர்கள்தான் நிறையப் பேர். நாம் திதி கொடுப்பதும், படத்துக்குப் பூ வைப்பதும், தை அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பதும் வேறென்ன?

எங்கள் வீட்டில் அது சாப்பாட்டில் ஆரம்பித்தது. "நீங்களும் அம்மாவும் ஒரே வீட்லதானே வளந்தீங்க, ஏன் உளுந்தஞ்சோறே செய்ய மாட்டேங்கிறீங்க?" என்றான் ஒருநாள். என் கணவர் வீட்டில் யாருக்கும் அந்தக் கருப்பு உளுந்து வாசம் பிடிக்காது, கல்யாணமான புதிதில் நிறுத்தியது, நிறுத்தியதே மறந்துபோச்சு. அந்த சனிக்கிழமை தோலுளுந்தை வறுத்து, வெந்தயமும் பூண்டும் தேங்காயும் போட்டு வடித்தேன், எள்ளுத் துவையல் அரைத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு, "அம்மா இன்னும் கொஞ்சம் பூண்டு போடுவாங்க" என்றான். அடுத்து என் தங்கையைப் பற்றி இருவரும் ஒன்றரை மணி நேரம் பேசினோம். அவள் போனதற்கு நானும் அன்றுதான் ஒழுங்காக அழுதேன்.

அம்மாவோட பழைய ஃபோனை விடவே மாட்டேங்கிறான். வாங்கி வெச்சுடலாமா?

வாங்காதீர்கள். அதோடு, உடனே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பிரீபெய்டு சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் 90 நாள் போல எந்தப் பயன்பாடும் இல்லாமல் விட்டால் நம்பர் துண்டிக்கப்பட்டு, பிறகு வேறு யாருக்கோ போய்விடும். வாட்ஸாப் கணக்கும் பொதுவாக 120 நாள் சும்மா கிடந்தால் அழிந்துவிடும். குரல் பதிவு, படம், "சாப்டியா" என்று அனுப்பிய ஒரு வரி எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவிலும் இன்னொரு ஃபோனிலும் நகல் எடுங்கள், அவனைக் கேட்டு, அவனோடு உட்கார்ந்து. எங்கள் பையனிடம் 11 விநாடிக் குரல் பதிவு ஒன்று இருக்கிறது, "தயிர் வாங்கிட்டு வா, சில்லறை டப்பால இருக்கு". அவனுக்கு அது போதும்.

ஸ்கூல்ல மார்க் அடியோட போச்சு. டியூஷன் வைக்கலாமா?

முதல் வருடம் மார்க்கை விடுங்கள். தூக்கம் இல்லாத தலைக்குள் கணக்கு ஏறாது. வகுப்பாசிரியரிடம் நேரில் போய் விஷயத்தைச் சொல்லுங்கள், வகுப்பில் தாங்க முடியாவிட்டால் எழுந்து வெளியே போய்வர அனுமதி கேளுங்கள். எங்கள் பையன் காரியம் முடிந்து மொட்டைத் தலையோடு புதுப் பள்ளிக்குப் போனான், பின்பெஞ்சில் ஒருவன் "பழனியா திருப்பதியா" என்று கேட்டிருக்கிறான். தெரியாமல் கேட்ட பிள்ளை. முன்பே நான் ஆசிரியரிடம் பேசியிருந்தால் அது நடந்திருக்காது, அந்தத் தவறு என்னுடையது.

எங்களை அம்மா அப்பான்னு கூப்பிடச் சொல்லலாமா? தத்து எடுத்துக்கறது நல்லதா?

கூப்பிடச் சொல்ல வேண்டாம். அவனுக்கு அம்மா இருக்கிறாள், உயிரோடு இல்லை, அவ்வளவுதான். பெரியம்மா, அத்தை, மாமா எல்லாமே நிறைந்த உறவுகள்தான்.

சட்டம் என்று வந்தால் பாதுகாவலர் ஆவது வேறு, தத்து வேறு. 1890ஆம் வருடத்துப் பாதுகாவலர் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு நீங்கள் பாதுகாவலர் ஆகலாம், அப்பா அம்மா பெயர் அப்படியே இருக்கும். தத்து என்றால் 1956ஆம் வருடத்து இந்து தத்துச் சட்டத்தில், குல வழக்கம் இருந்தாலொழிய, 15 வயது முடியாத பிள்ளையைத்தான் எடுக்க முடியும். 2015ஆம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டத்தில் 18 வரை உறவினர் தத்து எடுக்க வழி உண்டு. நாங்கள் அவனைக் கேட்டோம், "இனிஷியல் மாறுமா?" என்றான். மாறலாம் என்றதும் வேண்டாம் என்றான். பாதுகாவலர் உத்தரவோடு நின்றுகொண்டோம்.

செலவுக்கு அரசாங்கத்துல ஏதாச்சும் கிடைக்குமா? அவங்க அப்பா பேர்ல ஒரு வீடு இருக்கு, வித்துப் படிக்க வைக்கலாமா?

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தோடு இருக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போங்கள். உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு, மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவில் மாதம் 4,000 ரூபாய் வரை உண்டு, வருமான வரம்பு பார்ப்பார்கள். தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பிள்ளையின் ஆதார் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். அவன் பணத்துக்குத் தனிக் கணக்கு, அதை அவனே பார்க்கும்படி.

வீட்டை விற்கும் பேச்சை எடுக்காதீர்கள். சிறுவரின் சொத்தை நீதிமன்ற அனுமதி இல்லாமல் பாதுகாவலர் விற்க முடியாது, விற்றாலும் 18 ஆன பிறகு மூன்று வருடத்துக்குள் அவன் வழக்குப் போட்டு ரத்து செய்யலாம். சட்டத்தை விடுங்கள், அந்த வீட்டுச் சுவரில் அவன் உயரத்தை அவன் அம்மா பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறாள்.

அவனைப் பாத்து எங்க பொண்ணும் எதிர்த்துப் பேசுறா. என் பிள்ளையையும் கெடுத்துடுவானோ?

இந்தப் பயம் எனக்கும் இருந்தது. அப்போது மகள் பிளஸ் டூ, நீட் பயிற்சி. ஒருநாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, தனக்கு டாக்டராக விருப்பமே இல்லை, ரெண்டு வருடமாகச் சொல்ல வாய் வரவில்லை என்றாள். அவன் சேர்க்கைதான் என்று நான் வாயெடுக்கும் முன் அவள் சொன்னது: "அவன் கத்துறான், நீங்க கேக்குறீங்க. நான் கத்தலைன்னா கேக்க மாட்டீங்களாம்மா?"

மேலே சொன்ன மூடி வைத்த வீட்டுக் கதைதான் இதுவும். வந்த பிள்ளையைக் கவனிப்பதில் நம் பிள்ளை பின்னுக்குப் போய்விடுகிறது, அதுவும் சித்தியையோ மாமாவையோ இழந்த பிள்ளைதான். வாரத்தில் ஒருநாள் அவளோடு தனியாக வெளியே போங்கள். அறையைப் பகிர வேண்டியிருந்தால் அவளைக் கேட்டுச் செய்யுங்கள். என் மகள் இப்போது வேளாண்மை படிக்கிறாள், நன்றாக இருக்கிறாள்.

திதிக்கு உக்கார மாட்டேங்கிறான். ஊர்ல என்ன பேசுவாங்க?

ஊர் ஒரு நாள் பேசும். அவனைக் கட்டாயப்படுத்தினால் அவன் வாழ்நாள் முழுக்க அந்த நாளை வெறுப்பான். முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன மண்குடம் ஞாபகம் இருக்கிறதல்லவா, எங்கள் பையனுக்குச் சடங்கு என்றாலே அந்தத் தண்ணீர்தான். முதல் திதிக்கு அவன் வரவில்லை, அன்று மாலை தனியாகக் காவிரிக்குப் போய் அம்மா மண்டபத்துப் படியில் உட்கார்ந்திருந்தான். மூன்றாவது திதிக்கு அவனாகவே வந்து உட்கார்ந்தான். தீபாவளி, பொங்கல், அவன் பிறந்தநாள், அம்மா பிறந்தநாள் இவற்றுக்கு ஒரு வாரம் முன்பே "என்ன பண்ணலாம்" என்று கேட்டு வையுங்கள், அந்த நாளைவிட அதற்கு முந்தின நாட்கள்தான் அதிகம் படுத்தும்.

"நானும் போயிடறேன்"னு ஒருதடவை சொன்னான். சும்மா மிரட்டறானா?

சும்மா என்று விடவே விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கியா?" கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்பது தவறு, கேட்பதே பல பிள்ளைகளுக்கு ஆறுதல். எப்படி என்று யோசித்து வைத்திருந்தால் அவனைத் தனியாக விடாமல் அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைகள், பூச்சிமருந்து எல்லாவற்றையும் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள். இலவச மனநல உதவி எண் 14416, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். குழந்தைகள் உதவி எண் 1098. சென்னை ஸ்நேகா அமைப்பின் எண் 044-24640050. நீங்களும் பேசலாம், அவனும் பேசலாம்.

எனக்கே சில நேரம் அவன் மேல வெறுப்பு வருது. நான் கெட்டவளா?

இதை என்னிடம் கேட்ட ஒவ்வொருவரும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்கள். எனக்கும் வந்தது. அவன் என்னோடு பேசாத அந்த ஒன்பது நாளில் ஒருநாள், இவனை அனுப்பிவிட்டால் பழைய வீடு திரும்ப வந்துவிடும் என்று சமையலறையில் நின்று நினைத்தேன். கெட்டவள் இல்லை, களைத்துப்போனவள். உங்கள் தங்கையோ அண்ணனோ போயிருக்கிறார், அந்தத் துக்கத்தைக் கொண்டாட உங்களுக்கு நேரமே கிடைக்கவில்லை. அக்கம்பக்கத்தில், சொந்தத்தில் ஒருவரை மாதம் இரண்டு நாள் அவனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், உதவி கேட்பதில் வெட்கம் வேண்டாம். எனக்கு என் நாத்தனார் செய்தாள், அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் இருந்த அதே நாத்தனார்.

ஹாஸ்டல்ல சேத்துடலாமா? அவனுக்கும் நல்லதுதானே?

முதல் இரண்டு வருடத்துக்கு வேண்டாம் என்பேன். எவ்வளவு நல்ல ஹாஸ்டலாக இருந்தாலும் "இவர்களும் அனுப்பிவிட்டார்கள்" என்றுதான் அவனுக்குப் படும். அவனே கேட்டால் வேறு. அப்போதும் அவன் கட்டிலையும் அலமாரியையும் அப்படியே வைத்திருங்கள்.

நான் பதினாறு வயசு பொண்ணு, மாமா வீட்ல இருக்கேன். இங்க சிரிச்சா அப்பாவை மறந்துட்டேன்னு நினைப்பாங்களா ஆன்ட்டி?

நினைக்க மாட்டார்கள் கண்ணு. யாராவது நினைத்தாலும் அது அவர்கள் பாடு. நீ சிரிக்கும்போது அப்பா எங்கேயும் போய்விடுவதில்லை. உன் மாமாவிடம் இதை அப்படியே கேளு, வாயால் கேட்க முடியாவிட்டால் எழுதிக் கொடு. அவரும் தன் வீட்டில் சிரிக்கப் பயந்துகொண்டு இருக்கலாம்.

அந்த 4.45 அலாரம் என்ன ஆச்சு?

அவன் என்னோடு பேசாத அந்த ஒன்பது நாள் போய்ப் பத்தாம் நாள், அது ஒரு செவ்வாய்க்கிழமை, அலாரம் அடித்தது. நான் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவன் வந்து சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்தான். ஒன்றும் பேசவில்லை. இரண்டு டம்ளர் காப்பி ஆற்றினேன், அவன் ஒன்றை எடுத்துக்கொண்டான். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது, சில நாள் பெரியப்பாவும் வந்து நிற்பார். செவ்வாயும் வியாழனும் அவன் எப்போது நிறுத்தினான் என்று நாங்கள் கவனிக்கவில்லை. இப்போது பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் படிக்கிறான். சனிக்கிழமை மட்டும் இன்னும் அடிக்கிறது.